ஆக்கியோன் பெயரும் உடையோன் உரிமையும்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் பழங்குறிப்பு இருவரையும் வேறுபடுத்திக் கூறும். சிறப்புப் பாயிரத்துக்குரிய செய்திகளை எண்ணிய நன்னூலாரும் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார். செய்தோன் வேறு, செய்வித்தோன் வேறு என்பது நம் முன்னோர்க்குத் தெளிவு. ஊதியம் பெற்று எழுதப்படும் மென்பொருள் வகையில் இத்தெளிவு மறைந்தமையால் விளைந்தது யாது என்பதனை அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கலிபோர்னியாவில் 1972-ஆம் ஆண்டு தோன்றிய அட்டாரி நிறுவனம் 1976-இல் வார்னர் நிறுவனத்தாரின் உடைமையாயிற்று. மறு ஆண்டில் அது வெளியிட்ட வீட்டு விளையாட்டுப் பொறிக்குரிய நிரல்கள், கார்ட்ரிஜ் எனப்படும் சிறு பேழைகளில் அடைக்கப்பட்டு விற்பனையாயின. அந்நாளில் ஒரு விளையாட்டின் கருத்து, உருவம், ஒலி, நிரல் ஆகிய யாவும் பெரும்பாலும் ஒருவரே செய்தனவாம். ஆயினும் அவர் பெயர் பேழைமீது பொறிக்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயரே நின்றது.

அங்குப் பணிபுரிந்த வாரன் ராபினெட் என்பார் 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டை இயற்றினார். 4,096 பைட்டு அளவினதாகிய அந்நிரலினுள், எவர்க்கும் உரையாமல், மறைவான அறை ஒன்றை அவர் அமைத்தார். பின்னணியின் நிறமே கொண்டு கண்ணுக்குப் புலனாகாத புள்ளி ஒன்றைத் தேடி எடுத்து, உரிய இடத்துக்குக் கொணர்ந்தாலன்றி அவ்வறைக்குள் புகுதல் இயலாது. புகுந்தார்க்கு, இதனைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்னும் எழுத்துகள் தோன்றும். 1979-இல் அவர் பணியினின்றும் நீங்கினார். 1980-இல் ஸால்ட் லேக் நகரத்துச் சிறுவன் ஒருவன் எழுதிய கடிதத்தாலேயே நிறுவனத்தார் இதனை அறிந்தனர். ஞானசம்பந்தர் தம் பெயரைத் திருக்கடைக்காப்பில் வெளிப்படையாக வைத்தார். இவரோ மறைத்து வைக்க நேர்ந்தது. இவர் அவ்வறையில் பொறித்தது உடைமை கோரும் வாசகம் அன்று, பெயர் ஒன்றே என்பது கருதத்தக்கது.

பெயரோடு பொருளும் வேண்டினார் வேறு நால்வர். டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்போர் அவர். விளையாட்டுகளின் விற்பனை அளவைக் காட்டும் அலுவலகக் குறிப்பொன்றைக் கண்ட இவர்கள், ஏறத்தாழ 10 கோடி டாலர் விற்பனையில் 60 விழுக்காடு தம் படைப்புகளால் வந்தது எனக் கணக்கிட்டனர். தலைவர் ரே கஸார் என்பாரிடம் முறையிட்டபோது, பேழையைப் பூட்டும் தொழிலாளரினும் தாம் சிறந்தோர் அல்லர் என்னும் விடையே கிடைத்தது என்பது கிரேன் பிற்காலத்தில் கூறிய செய்தி. 1979-இல் அவர்கள் விலகி, ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைக் கண்டனர். ஆக்கியோர் பெயரை விளையாட்டுகளோடு வெளியிட்டனர். அட்டாரி தொடுத்த வழக்கு 1982-இல் உடன்பாட்டில் முடிந்தது. பெயரை மறுத்த நிறுவனம் ஆட்களையும் இழந்தது.

இனிச் சட்டங்களை நோக்குவாம். 1978-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், பணியாளர் தம் பணியின்கண் செய்த படைப்புக்குப் பணியளித்தோரையே ஆக்கியோராகக் கொள்ளும். ஆண்டுச் செய்வித்தோனே செய்தோனும் ஆகின்றான். இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், ஆக்கியோன் எனக் குறிக்கப்பெறும் உரிமையை வழங்கிய இடத்துக் கணிப்பொறி நிரலை விலக்கிற்று. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமோ வேறு நெறியிற் செல்கின்றது. மாறான உடன்பாடு இல்லாவிடத்துப் பணியளித்தோனே முதல் உரிமையாளன் என்று 17-ஆம் பிரிவு கூறும். பதிப்புரிமை கைமாறிய பின்னரும், இது தன் படைப்பு எனக் கூறிக்கொள்ளும் உரிமை ஆக்கியோனிடமே நிற்கும் என்று 57-ஆம் பிரிவு கூறும். கணிப்பொறி நிரல் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலக்கியப் படைப்பு வகையுள் சேர்க்கப்பட்டது. எனவே உடைமையும் பெயரும் வேறு என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்திலும் உளது.

இன்று ஒரு நிரலைப் பலர் கூடி எழுதுகின்றனர். முதலும் இழப்பும் நிறுவனத்தாருடையன. ஆதலின் தனிப்பெயர் வேண்டா என்பாரும் உளர். முதலிட்டமை உடைமைக்குக் காரணமாகலாம், ஆக்கியமைக்குக் காரணமாகாது. பலர் செய்தனராயின் பலர் பெயரும் குறித்தலே முறை. இயற்பெயர் அறியப்படாமையின் செம்புலப்பெயனீரார் எனத் தொடரால் புலவரைச் சுட்டும் நிலையை நாம் அறிவோம். மென்பொருளின் வரலாற்றை நாளை எழுதப்புகுவார்க்கும் அந்நிலை வாராதிருத்தல் வேண்டும். விலை கொடுத்தோன் பொருளைப் பெறுக. செய்தோன் பெயர் செய்தோனிடமே நிற்க என்பதே நம் துணிபு.