சீனக் கடற்கரையில் ஒரு தமிழ்க் கல்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர்களுக்கு ஷாங்காய் புதிதல்ல. கண்காட்சி முடிந்ததும் ஓரிரு நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். அந்நாள்களைத் தெற்கே சுவான்சோ துறைமுகத்தில் கழிக்கலாம் என்பேன். மார்கோ போலோ 'சைத்தூன்' என்றழைத்த ஊர் அது. குப்ளாய் கான் ஆண்ட 1281ஆம் ஆண்டு, சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் ஆணை பெற்று, அவன் நலம் வேண்டி அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டின் இறுதியில் ஒரு வரி சீனம். கோயில் அழிந்துவிட்டது. நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட அதன் தூண்கள் இரண்டு, கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தைத் தாங்கி நிற்கின்றன. சரக்கோடு போன தமிழர் கடவுளையும் மொழியையும் உடன் கொண்டுபோயினர். நாமோ மாதிரித் தோல்களோடு போய், விலைப்பட்டியலோடு திரும்புகிறோம். அத்தூண்களின் முன் ஒரு நாழிகை நின்றால் என்ன?