வெள்ளி இரவில் கூடும் ஊர்

கோயிலையும் குளத்தையும் தேரோட்டத்தையும் சுற்றி ஊர் வளரக் கண்டவர்கள் நாம். இவையேதுமற்ற புறநகரம் எவ்வாறு ஊராகிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலசுக்கு வடக்கே உள்ளது ஆலன். 1980இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 8,300 பேர், 2010இல் 84,000, 2020இல் ஓர் இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் வந்து குடியேறியவர்களே.

மக்கள் பெருகியபோது அண்டை நகரங்கள் புதிய உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தன. ஆலனோ ஒரே பள்ளியோடு நின்றது. ஆகவே, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஊர் முழுமைக்கும் ஒரே அணி. வெள்ளி இரவுகளில், முன்பின் அறியாத அண்டை வீட்டார் ஒரே அணிக்காகக் குரலெழுப்பினர். இத்தகைய பள்ளி ஆட்டங்களைக் காக்கவே, இலையுதிர்கால வெள்ளி இரவுகளில் தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்புக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1966இல் வந்த திருத்தம் வரம்பு கட்டியது.

2012இல் சுமார் 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் அமரும் அரங்கு எழுந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடப்பட்டு, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பள்ளி ஆட்டத்துக்கு இத்துணைச் செலவா என்னும் கேள்வி, ஆசிரியராகிய நம்மையும் உறுத்துகிறது. அதனினும் உறுத்துவது வேறொன்று: ஒரே பள்ளி, ஒரே அணி என்றால் ஆட இடம் கிடைக்காத பிள்ளைகளே மிகுதி. ஊர் ஒன்றாயிருக்க அவர்கள் தந்த விலையையும் இக்கணக்கில் சேர்த்தே எழுதவேண்டும்.