மைக் செட் போட்டவர்தான் எங்க ஊரின் முதல் டி.ஜே.

இந்த எபிசோடுக்குக் காரணம் எனக்கு நேர்ந்த ஒரு அவமானம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடன் வாங்கி ஒரு சின்ன டி.ஜே. கன்ட்ரோலர் வாங்கினேன். ரெண்டு வட்டத் தட்டு, நடுவில் மிக்ஸர், பக்கத்தில் லேப்டாப். மூணு மாசம் யூடியூப் பார்த்துப் பழகினேன். அப்புறம் காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். "நம்ம பையன்தானே, அவனே போடட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பத்தே நிமிஷம். ஆடிக்கொண்டிருந்த சித்திமார் எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மேடைக்கு முன்னால் மிச்சம் நின்றது ஒரு மூணு வயசுக் குழந்தையும் போட்டோகிராபரும்தான்.

வேலையில் தப்பு இல்லைங்க. ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தைப் பிசிறில்லாமல் ஒட்டினேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா ஒரே கேள்வி கேட்டார்: "பாட்டு நல்லாத்தான்டா இருந்துது. யாருக்குப் போட்டே?"

பெரியப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பகலெல்லாம் தறி. விசேஷ நாளில் மைக் செட். பதினாலு வயசில் ஒரு மைக் செட்டுக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். முதல் வருஷம் முழுக்க மரத்திலும் மொட்டை மாடியிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதுதான் வேலை. இசைத்தட்டைத் தொடவே விடவில்லையாம். அவரிடம் கேட்டதையும், நான் படித்துச் சேர்த்ததையும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூணு நிமிஷம்தான் பாட்டு. பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டு தேயும், சத்தம் கரகரக்கும். அப்படியானால், மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் 'அடுத்தது என்ன' என்று முடிவு பண்ணியே ஆகணும். பிறகு 45 வந்தது, 33 வந்தது. எல்.பி.யில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கோடு அகலமாகத் தெரியும். அந்த இடைவெளியை பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊசியைச் சரியாக இறக்கணும். இன்றைக்கு என் லேப்டாப் திரையில் அலை அலையாகப் பாட்டின் படம் தெரிகிறதே, அதைப் பெரியப்பா தட்டிலேயே படித்திருக்கிறார்.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டி.ஜே. வரலாறு என்றால் எல்லாரும் தொடங்கும் இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஜமைக்காவிலிருந்து குடிவந்த கூல் ஹெர்க் என்ற பையன், தங்கை நடத்திய விருந்தில் தட்டு போட்டான். ஒரே பாட்டுக்கு ரெண்டு தட்டு வைத்து, ஆட்டத்துக்கு ஏற்ற தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டுவது அவன் கண்டுபிடித்த வித்தை. டெக்னிக்ஸ் கம்பெனியின் எஸ்.எல்.1200 என்ற சுழல்தட்டு அதற்கு முந்தின வருஷம்தான், 1972இல், வந்திருந்தது. நம்ம ஆட்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு பிளேயர். ரெண்டு பாட்டுக்கு நடுவே வரும் மௌனத்தை மூட அவர்களிடம் இருந்த ஆயுதம் மைக். "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லி, காணாமல் போன குழந்தையை அறிவித்து, நன்கொடை கொடுத்தவர் பேரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த தட்டு ஏறியிருக்கும்.

ஆனா பெரிய வித்தியாசம் கருவியில் இல்லை, கேட்கிறவர்களில் இருக்கிறது. பிராங்க்ஸில் அந்த அறைக்குள் வந்தவர்கள் ஆட வந்தவர்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டினால் கேட்பது தெருவே. வேண்டும் என்று கேட்கிறவரும் உண்டு, வேறு வழியில்லாமல் கேட்கிறவரும் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பையன், தூளியில் தூங்குகிற குழந்தை, படுக்கையில் கிடக்கிற கிழவி. தெருவில் ஒரு சாவு விழுந்தால் செட் அப்படியே நிற்கும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, அது மைக் செட்டுக்காரருக்கே தெரியணும்.

அதனால் வரிசை ஒன்று உருவானது. முதல் பாட்டு பிள்ளையார், அநேகமாகச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில். அப்புறம் டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. கல்யாண வீடு என்றால் பொண்ணை அழைத்து வரும் நேரத்துக்கு 'பாசமலர்' படத்தில் (1961) எல்.ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு. மருமகளை வீட்டுக்குள் வரவேற்க 'சாரதா' படத்துப் (1962) பாட்டு. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது அதே ஈஸ்வரி, ஆனால் அம்மன் பாட்டு. ஒரே குரல், வேற நேரம். பாட்டின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, அது எந்தச் சடங்கின் எந்த நிமிஷத்துக்குச் சொந்தம் என்று தெரியணும். நான் ரிசப்ஷனில் கோட்டை விட்டது இங்கேதான்.

இனி கொஞ்சம் ஆபத்தான பகுதி. இது அண்ணா பிறந்த ஊர். 1957இல் அவரை சட்டமன்றத்துக்கு அனுப்பிய காஞ்சிபுரம், 1962இல் தோற்கடித்தது. வென்றவர் காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியார். அந்த மாதிரி ஊரில் எந்தத் தெருவில் எந்தத் தட்டு போடுவது என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. நாகூர் ஹனிபாவின் கழகப் பாட்டு ஒரு தெருவுக்குத் தேன், அடுத்த தெருவுக்குச் சண்டை. அதே ஹனிபாவின் இஸ்லாமியப் பக்திப் பாட்டு வேறு ஒரு விசேஷத்துக்கு உரியது. ரெண்டையும் ஒரே பெட்டியில் அடுக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் முதல் பாடம். அவசரத்தில் கை மாறிவிடுமாம்.

எம்.ஜி.ஆர். தட்டுகளின் கதை இன்னும் விசேஷம். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) பாட்டெல்லாம் தி.மு.க. மேடைக்கு முன்னால் கூட்டம் சேர்க்கப் போட்டவை. 1972 அக்டோபரில் அவர் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டார். தட்டு அதேதான், பாட்டும் அதேதான். ஆனா மறுநாளிலிருந்து அது எதிர்க்கட்சிப் பாட்டு. பாதித் தட்டுக்கு ஒரே ராத்திரியில் தெரு மாறிப்போச்சு என்பார் பெரியப்பா. இசை வரலாற்றுப் புத்தகங்களில் இதை எழுத மாட்டார்கள். எழுதணும் என்று நினைக்கிறேன்.

பாட்டு தேர்ந்தெடுக்க இவர்கள் எங்கே கற்றார்கள்? எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, ரேடியோ. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து வந்து ஸ்டேஷன் மாற்ற முடியாது. போடுகிறவரை நம்பித்தான் ஆகணும். அதனால் போடுகிறவர் நல்லவரா என்று நெசவாளிக்குத் தெரிந்துவிடும். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' காலை நேரத்துக்கு ஒரு ஓட்டம் கொடுத்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோர் பாட்டை அறிமுகம் செய்த விதமே ஒரு பாடம். ரெண்டு பாட்டு ஏன் பக்கத்துப் பக்கத்தில் வருகிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

பாட்டே இல்லாத தட்டும் உண்டு. 'திருவிளையாடல்' (1965) கதை வசனத்தைக் கூட்டம் வாய்க்குள்ளேயே கூடச் சொல்லும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட்கள் சுருண்டு படுக்கும் நேரத்தில் போடுவது அது. கேசட் வந்த பிறகு 'விதி' (1984) படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடை டீக்கடையாக ஓடியது. ஆடுவதற்கு மட்டும்தான் டி.ஜே. என்று நினைக்கிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படும்.

கேசட் காலத்தில்தான் நம்ம எல்லாருமே கொஞ்சம் டி.ஜே. ஆனோம். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். ஏழாவது பாட்டு பாதியில் அறுந்து போகாமல் கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதணும். என்னிடம் லேப்டாப்பில் நாலாயிரம் பாட்டு இருக்கிறது. பெரியப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "முதல்ல நாற்பது எடு. அந்த நாற்பதும் எங்கே ஏறுது, எங்கே இறங்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்."

நாற்பதோடு உட்கார்ந்தபோதுதான் ஒரு தொழில்நுட்ப விஷயம் புரிந்தது. பழைய பாட்டில் தபேலாவும் டோலக்கும் வாசித்தவர்கள் மனுஷர்கள். கம்ப்யூட்டர் கிளிக்கை வைத்து வாசிக்கவில்லை. வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். அதனால் 'சிங்க்' பட்டனை அழுத்தினால் அரை நிமிஷத்தில் ரெண்டு தாளமும் இடறும். நம்ம குத்துப் பாட்டு பலதும் ஆறு எண்ணிக்கை நடை. வெளிநாட்டு ஹவுஸ் இசை நாலு நாலாகப் போகும். ரெண்டையும் ஒட்டினால் செருப்பு மாற்றிப் போட்ட மாதிரிதான். அங்கே ஒட்டப் பார்க்கக் கூடாது. முதல் பாட்டை முடியவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொடங்கணும். பெரியப்பா பிளேயரில் வேற வழியில்லாமல் செய்தது, இங்கே சரியான வழியாகவே இருக்கிறது.

இப்போது கூம்பு ஸ்பீக்கர் அநேகமாகப் போய்விட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், 2005இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பெரியப்பாவுக்கு இதில் வருத்தமே இல்லை. விடிய விடியப் போட்டு அவருக்கு ஒரு காது மந்தம்.

இந்த ஆடிக்கு எங்க தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று செட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆறு பாட்டு முடிவாகிவிட்டது. சரியாகப் பத்துக்கு நிறுத்தணும். ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு என்ன போடுவது என்பதில்தான் எனக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் பேச்சு ஓடுகிறது.