பாம்புக் கூண்டு வெப்பமூட்டலின் வரலாறு

பாம்புக் கூண்டுகளைச் செயற்கையாக வெப்பமூட்டும் முறை ஐரோப்பிய விலங்குக்காட்சி சாலைகளில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. பாம்புகள் தம் உடல்வெப்பத்தைப் பெரும்பாலும் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகின்றன. எனவே குளிர்நாடுகளில் அவற்றை உயிருடன் வைத்திருக்கக் கூண்டைச் சூடாக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கூண்டு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் அமைத்து, இடத்தைத் தெரிவுசெய்வதைப் பாம்பிடமே விடுவது இன்றைய முறை. இந்த மாற்றத்திற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தொடக்கக் காலம்

இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் 1849இல் திறக்கப்பட்ட ஊர்வன இல்லம் உலகின் முதல் ஊர்வன இல்லமாகக் கருதப்படுகிறது. வெப்பமண்டலத்திலிருந்து கப்பலில் வந்த பாம்புகளுக்குக் குளிர் தாங்காது என்பது அன்று தெரிந்திருந்தது. அதற்குமேல் அவற்றின் தேவை தெரியவில்லை. கதகதப்புக்காகக் கூண்டுகளில் கம்பளிப் போர்வைகள் இடப்பட்டன. இரையுடன் சேர்த்துப் போர்வையையும் விழுங்கிய பாம்பைப் பற்றிய குறிப்புகள் அக்கால விலங்கியல் நூல்களில் உள்ளன. வெப்பமண்டலச் செடிகளுக்கான கண்ணாடிக் குடில்களைப் போலவே பாம்புகளின் இருப்பிடமும் கருதப்பட்டது. அறைக்காற்று சூடாக இருந்தால் போதும் என்பதே பொது எண்ணம்.

ஜோன் புரோக்டர்

இந்த எண்ணத்திலிருந்து விலகிய முக்கியமான கட்டடம் 1927இல் அதே விலங்குக்காட்சி சாலையில் திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டவர் ஜோன் பியூசாம்ப் புரோக்டர் (1897–1931). சிறு வயதிலேயே ஊர்வனவற்றை வளர்த்தவர். பள்ளிப் பருவத்தில் ஒரு முதலைக்குட்டியையும் வைத்திருந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஊர்வனவியலாளர் ஜார்ஜ் பூலாஞ்சேயிடம் பயின்றார். 1923இல் இலண்டன் விலங்குக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுக்குக் காப்பாளரானார்.

புரோக்டரின் கட்டடத்தில் கூண்டுகள் மின்சாரத்தால் சூடாக்கப்பட்டன. கூண்டுக்குள் சில இடங்கள் மட்டும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும்படி அமைக்கப்பட்டன. புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியும் பயன்பட்டது. பார்வையாளர் நிற்கும் பகுதி இருட்டாகவும் கூண்டுகள் ஒளியுடனும் இருந்தன. நீண்டகால நோயால் துன்பப்பட்ட புரோக்டர் 34ஆம் வயதில் மறைந்தார்.

பாலைவன ஆய்வுகள்

பாம்பு சூட்டை விரும்பும் உயிர், ஆகவே எவ்வளவு சூடும் அதற்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. வால்டர் மோசவரும் எட்கர் லேசியரும் 1933இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. கடும் வெயிலில், ஒதுங்க நிழலின்றி வைக்கப்பட்ட பாலைவனப் பாம்புகள் சில நிமிடங்களிலேயே இறந்தன. பாலைவனத்தில் அவை பிழைப்பது சூட்டைத் தாங்கும் ஆற்றலால் அல்ல, சூட்டிலிருந்து விலகும் பழக்கத்தால் என்பது இதனால் தெளிவானது.

1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகியோர் பாலைவன ஊர்வனவற்றின் வெப்பத் தேவைகள் குறித்த ஆய்வை வெளியிட்டனர். வெயிலுக்கும் நிழலுக்கும் வளைக்கும் மாறி மாறிச் சென்று, ஊர்வன தம் உடல்வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினர். ஒவ்வோர் இனத்திற்கும் விருப்ப வெப்பநிலையும் உயிருக்கு ஆபத்தான மேல் எல்லையும் தனித்தனியே உண்டு என்றனர். குளிர் குருதி விலங்கு என்ற சொல் பொருத்தமற்றது என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. நகர்ந்து செல்ல இடமில்லாத கூண்டில் பாம்பின் இந்த இயல்பு பயனற்றுப்போகும் என்பது கூண்டு அமைப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைத்த பாடம்.

வீட்டு வளர்ப்பும் குட்டிப் பாம்புகளும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் பாம்பு வளர்ப்பது பெருகியது. வட அமெரிக்கச் சோளப் பாம்பும், ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பும் அதிகம் வளர்க்கப்பட்டன. மின்விளக்கு, அடியில் வைக்கும் வெப்பப் பாய், வெப்பப் பட்டை ஆகியவை கடைகளுக்கு வந்தன. மின்சாரத்தால் சூடாகும் செயற்கைக் கற்களும் விற்கப்பட்டன. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் பாம்பு அத்தகைய கல்மீது விலகாமல் கிடக்கும். அதனால் பல பாம்புகளின் வயிற்றுத்தோல் வெந்தது. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இன்றியமையாத கருவியானது இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே.

குட்டிப் பாம்புக்கான பெட்டி தனிச் சிக்கல் கொண்டது. பெரிய பெட்டியில் மறைவிடம் இல்லாவிட்டால் குட்டி அஞ்சி இரையெடுக்க மறுக்கும். மிகச் சிறிய பெட்டியிலோ வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பரவி, குளிர்ந்த பக்கமே இல்லாமல் போகும். இதற்குத் தீர்வாக வெப்பப் பாய் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும்படி வைக்கப்படுகிறது. சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரு மறைவிடங்கள் தரப்படுகின்றன. ஒரே மறைவிடம் இருந்தால், பாதுகாப்பு வேண்டுமா தக்க வெப்பம் வேண்டுமா என்று பாம்பு தெரிவுசெய்ய நேரும். சோளப் பாம்புக்குச் சூடான பக்கம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசும், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 பாகையும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. போதிய சூடு கிடைக்காத பாம்பால் இரையைச் செரிக்க முடியாது. விழுங்கியதைக் கக்கிவிடும்.

இன்றைய விவாதம்

1980களுக்குப் பின் வணிக வளர்ப்பாளர்கள் நெகிழிப் பெட்டிகளை அடுக்குகளில் செருகி, பின்புறம் வெப்பப் பட்டை இட்டுப் பெருமளவில் பாம்புகளை வளர்த்தனர். பாம்பு நீட்டிப் படுக்கக்கூட இடமில்லாத பெட்டி போதுமா என்ற கேள்வியை விலங்குநல ஆய்வாளர்கள் எழுப்புகின்றனர். சோளப் பாம்புகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், வெறுமையான கூண்டைவிட, மறைவிடமும் ஏறும் கிளையும் போன்றவை கொண்ட கூண்டையே பாம்புகள் விரும்பின. கூண்டின் வெப்பத்தில் ஏற்கெனவே பாம்பிடம் விடப்பட்ட தெரிவு, கூண்டின் அளவிலும் அமைப்பிலும் விடப்பட வேண்டும் என்பதே இவ்விவாதத்தின் மையம்.