யாழ் மறைந்தது, பாட்டு நின்றது

இசை என்றவுடன் இன்று பலர்க்கு மேடையும் அவையுமே நினைவிற்கு வரும். பாடுபவர் ஒருவர், கேட்பவர் பலர். பழந்தமிழர் வாழ்வில் இப்பிரிவு இத்துணைக் கடுமையாக இருந்ததில்லை. பாணரும் பொருநரும் விறலியரும் இசையையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும், தினைப்புனத்துப் பெண்ணும், ஆடு மேய்த்த இடையனும், புண்பட்ட வீரனைக் காத்த மகளிரும் தத்தம் தேவைக்குத் தாமே பாடினர், தாமே இசைத்தனர். காலப்போக்கில் பாணரின் யாழ் மறைந்தது. மக்கள் வாயில் வாழ்ந்த பாட்டு நின்றது. இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்தும் உண்மை தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நிலமும் பண்ணும்

தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு யாழின் பகுதியையும் சேர்த்து எண்ணுகிறது. ஈண்டு யாழ் என்பது பண்ணைக் குறிக்கும் என்பர். உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் போலவே பண்ணும் ஒரு நிலத்து மக்களின் வாழ்வில் ஓர் உறுப்பாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பண்ணுக்குப் பொழுதும் உண்டு. காலைக்கு உரியது மருதம். மாலைக்கு உரியது செவ்வழி. நள்ளியின் கொடையால் வறுமை நீங்கிய பாணர்கள், மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் இசைத்துத் தம் மரபையே மறந்தனர் என்று வன்பரணர் புறநானூற்றின் 149ஆம் பாட்டில் கூறுகிறார். வள்ளலைப் புகழும் நயமான பாட்டு இது. எப்பொழுதுக்கு எப்பண் என்பதை அறியாதவர்க்கு இந்நயம் புலப்படாது. அக்காலத்துக் கேட்போர் அதனை அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

தமக்காகப் பாடியவர்கள்

அகநானூற்றின் 102ஆம் பாட்டில் ஓர் அழகிய காட்சி உண்டு. தினைப்புனத்துப் பரணில் கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து கிடக்கிறான். கொடிச்சி, சாந்து பூசிய தன் கூந்தலை மெல்லிய காற்றில் உலர்த்திக் கையால் கோதியபடி குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். தினையுண்ண வந்த களிறு கதிரையும் கொள்ளவில்லை. நின்ற இடத்தைவிட்டுப் பெயரவுமில்லை. உறங்காத அதன் கண்கள் உறங்கிவிடுகின்றன. அவள் யானைக்காகப் பாடவில்லை, பரிசிலுக்காகவும் பாடவில்லை. கூந்தல் உலரும் வரையிலான சிறுபொழுதைப் பாட்டால் நிரப்பினாள், அவ்வளவே. இதனைப் பாடிய புலவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் ஆவார்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். அவன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் மூங்கிலைத் துளையிட்டுக் குழல் செய்கிறான். அதில் பாலைப் பண்ணை ஊதுகிறான். அது சலித்தபோது, குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சியை வாசிக்கிறான். வண்டுகள் அதனைத் தம் இனத்தின் குரலென்று எண்ணிச் செவிசாய்க்கின்றன. கருவியைச் செய்பவனும் வாசிப்பவனும் முதலில் கேட்பவனும் ஒருவனே. காட்டில் கிடைத்த கொம்பும் நாரும் அவனுக்குப் போதுமாயிருந்தன.

இன்பத்திற்கு மட்டுமே இசை பயன்பட்டது என்று கருதுதல் ஆகாது. போரில் புண்பட்டு வந்த வீரனைக் காக்கும் முறையைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில் கிழார் விரித்துரைக்கிறார். மனையில் இரவமரத் தழையையும் வேப்பந்தழையையும் செருகுவர், யாழும் பிற இயங்களும் ஒலிக்கும், ஐயவி தூவுவர், ஆம்பற்குழல் ஊதுவர், மணி அடிப்பர், காஞ்சிப் பண் பாடுவர், வீடெங்கும் நறும்புகை எழுப்புவர். சாவு வாயிலில் நிற்கும் நேரத்தில் அவ்வீட்டார் பற்றிக்கொண்ட துணைகளுள் பாட்டும் ஒன்று.

சிலம்பு காட்டும் இசை

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இதற்கு மற்றொரு சான்று. குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. தீநிமித்தம் கண்டு அஞ்சிய மதுரை ஆய்ச்சியர், எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்களுக்கு இட்டுக் குரவை ஆடுகின்றனர். மோர் விற்கும் மகளிர் தம்மையே ஏழு சுரங்களாக நிறுத்திக்கொண்டது இசை வரலாற்றில் சிறந்ததொரு செய்தி.

அதே காப்பியத்தின் கானல்வரியோ இசையின் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. புகார்க் கடற்கரையில் மாதவி யாழை நரம்பு கூட்டிக் கோவலன் கையில் தருகிறாள். வணிகனாகிய அவன் வாசித்துப் பாடுகிறான். பாட்டின் பொருளை ஐயுற்ற மாதவி, தானும் யாழை வாங்கி, மற்றொருவனை விரும்புபவள்போலப் பாடுகிறாள். அதனை மெய்யென்று கொண்ட கோவலன் பிரிந்து செல்கிறான். காப்பியத்தின் துயரமெல்லாம் அப்பிரிவிலிருந்து வளர்கிறது. பாட்டு உள்ளத்தின் மொழியாக இருந்தமையால்தான் அதனைத் தவறாகக் கேட்டதும் வாழ்வையே குலைத்தது.

மறைந்ததும் மீண்டதும்

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்து உடன் சென்றார். அத்தகைய யாழும் பின்னர் வழக்கொழிந்தது. வீணை அதன் இடத்தைப் பெற்றது. கைத்திறன் ஒரு கையிலிருந்து மறு கைக்கே செல்ல வல்லது. வாங்கிக்கொள்ளும் கை இல்லையேல் அது அறும். யாழ் இருந்ததற்குச் சான்றாகக் கேட்டவர்கள் எழுதிய பாட்டுகள் நின்றன.

அப்பாட்டுகளைக் கொண்டு பழைய இசையைத் தேடியவர்களுள் இருவர் இசையால் பிழைப்பு நடத்தியவரல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. மற்றொருவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அறிவியல் பயின்ற ஆசிரியர். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்ட 1892ஆம் ஆண்டிலேயே அவரும் பிறந்தார். அந்நூலின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளை ஆராய்ந்தே ‘யாழ் நூல்’ இயற்றினார். அது 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

நின்ற பாட்டு

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்தாட்டம், ஊசல், உலக்கைப்பாட்டு ஆகியவை வருகின்றன. விளையாட்டிலும் வேலையிலும் பெண்கள் பாடிய பாட்டுகளின் வடிவங்கள் இவை. யாழ் மறைந்த பின்னும் இவ்வகைப் பாட்டுகள் ஊர்தோறும் தொடர்ந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழரிடம் உடைமை மிகுதியாக இல்லை. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் இருந்தன. அவற்றை எந்த மன்னனும் புரக்கவில்லை. தாய் பாடினாள், மகள் கேட்டாள், பின் மகளும் தாயானாள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தபின் அந்தச் சங்கிலியும் தளர்ந்தது. யாழுக்கு நேர்ந்தது தாலாட்டுக்கும் நேரலாம். பாட்டைப் பதிவு செய்து வைத்தல் நன்று. ஆனால் பதிவு மட்டும் பாட்டை வாழவைக்காது. பாடும் வாய் வேண்டும். மனப்பாடப் பகுதியாக வரும் செய்யுளை மாணவர் ஒருமுறையேனும் இசையோடு பாடுவாராயின், அவர்கள் கேட்போராக மட்டும் நில்லார். கொடிச்சியின் பாட்டை நமக்குக் காத்துத் தந்த புலவரின் பெயரிலேயே ‘இளம்பாலாசிரியன்’ என்ற சொல் இருப்பதைத் தமிழாசிரியர்கள் மறத்தல் ஆகாது.