வயலும் பறையும்: காவிரிப் படுகையின் எதிர்ப்பிசை



தஞ்சை மண்ணின் இசை என்றால் திருவையாற்று ஆராதனையும், திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளும்தான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறார்கள். அதே திருவாரூரைச் சுற்றிய வயல்களில் குனிந்து நடவு நட்ட பெண்கள் பாடியதை இசை வரலாறு இசையாகவே எண்ணவில்லை. நாம் இன்று பேசப்போவது அவர்களின் பாட்டையும், நம் மேல் சுமத்தப்பட்ட பறையையும் பற்றி.

நடவுப் பாட்டை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை முழுக்க வாங்கிப் பாடும். கை ஒரே கதியில் ஓடுவதால் மிராசுதாருக்கும் அது லாபம். ஆனால் கூலி நெல்லை அளக்கிற மரக்காலின் கள்ளத்தையும் காரியக்காரரின் நாக்கையும் அந்த மெட்டுக்குள் வைத்துச் சொல்லிவிடலாம். யார் சொன்னது என்று கேட்டால் வரிசையே சொன்னது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்ட வந்தபோது, சேர்ந்து குரல் கொடுக்கும் பழக்கம் சேரிகளில் ஏற்கெனவே இருந்தது. சங்கம் அதற்குக் கொடி கொடுத்தது. பாட்டைச் சங்கமே கற்றுக்கொடுத்ததுபோல எழுதப்படுகிற வரலாறுகளை நாம் ஏற்கவேண்டியதில்லை.

அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டாவிலும் கதை இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே பருத்தி, இங்கே நெல். ஃபேன்னி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதிவுசெய்ய மற்ற 17 பேருடன் பேருந்தில் போனார். திரும்பும் வழியில் போலீஸ் மறித்தது. பேருந்துக்குள் பயம் பரவியபோது அவர் தேவாலயப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். அன்றே பண்ணையைவிட்டு வெளியேற்றப்பட்டார். பயந்தவர்களை ஒன்றாக உட்காரவைப்பதுதான் பாட்டின் முதல் வேலை. எதிரிக்குக் கேட்பது பிறகுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கும் ஆண்டைகள் அடிமைகளைப் பாடவைத்தார்கள். எனினும் ஒரு வாத்தியத்தின் பெயரே ஒரு மக்களின் இழிபெயராக ஒட்டவில்லை. இங்கே ஒட்டியது. ஊரில் சாவு விழுந்தால் பறையடித்தாக வேண்டும். அது கலையல்ல, கட்டாய ஊழியம். எனவே ‘இனி அடிக்கமாட்டோம்’ என்று பறையை இறக்கி வைத்ததும் எதிர்ப்பிசையின் வரலாற்றில் சேரவேண்டியதே. 1990களின் தலித் கலைவிழாக்களுக்குப் பிறகு பறை நம் விடுதலையின் குரலாக மேடை ஏறியது. பெண்கள் அதைக் கையிலெடுத்தது பெரிய திருப்பம். இருந்தாலும் நம் இளைஞர்களிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: மேடையில் அடிப்பவருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது, அன்று மறுத்தவருக்கு வயல் வேலை போயிற்று, பொதுவழி அடைபட்டது. அவர்களைப் ‘பண்பாடு தெரியாதவர்கள்’ என்று பேசுவது அநியாயம்.

1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்டதற்காக, சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காக, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நடவு வரிசையில் பாடிய குரல்கள்தாம் அவை. கார் வைத்திருக்கும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்து வந்து தீவைத்திருப்பார்கள் என நம்ப முடியாதென்று உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்ப்பு வெண்மணியை மூடிவிடப் பார்த்தது, பாட்டு மூடவிடவில்லை. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே.ஏ. குணசேகரன் தன் ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். கீழக்கரைக்காரர் எழுதி, சிவகங்கைச் சீமைக்காரர் பாடிய அந்தப் பாட்டு வெண்மணி நினைவோடு இன்றுவரை பிரியாமல் இருக்கிறது. அது இரக்கம் கேட்கும் பாட்டல்ல. எதிரே நிற்பவனை ‘டா’ போட்டு அழைக்கிறது. ஆண்டைக்கு முன் துண்டை இடுப்பில் கட்டி நின்ற படுகையில் அந்த ஒற்றை எழுத்துக்கு என்ன எடை என்று நமக்குத் தெரியும்.

2016 ஜனவரியில், மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவர் இறந்தார். உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதை திறக்கவில்லை. காவல்துறையே உடலை எடுத்துப்போய் வேறு வழியில் அடக்கம் செய்தது. தலைமுறை தலைமுறையாக ஊரார் சாவுக்கெல்லாம் பறையடித்து முன்னே நடக்கவைக்கப்பட்ட மக்கள், தம் பிணத்தோடு அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை. அம்ஷன் குமார் இதைப் படமாக்கியபோது வைத்த பெயர் ‘மனுசங்கடா’. அதே ஜனவரியில் குணசேகரன் மறைந்தார், டிசம்பரில் இன்குலாப். அவர்கள் பாடிக்கொண்டிருந்த தெரு இன்னும் அடைத்தே கிடந்தது.