கெத்செமனே மன்றாட்டும் இரு சித்தங்களும்

இறைவனிடம் தன்னை ஒப்புக்கொடுத்தல் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான நெறி. ஆயின், அவ்வாறு ஒப்புக்கொடுப்பவனுடைய சொந்த விருப்பம் என்னவாகிறது? அது அழிந்துவிடுகிறதா, அன்றி உயிரோடிருந்தே இசைகிறதா? கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசு இவ்வினாவின் பொருட்டுக் கலங்கியது. அவ்வழக்கின் மையத்தில் நின்றது ஒரு மன்றாட்டு.

தாம் பிடிபட்ட இரவில் இயேசு ஒலிவமலையை ஒட்டிய கெத்செமனேயில் மன்றாடினார். எண்ணெய்ச் செக்கு என்பது அவ்விடப்பெயரின் பொருள். துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்பது அவரது முதல் வேண்டுகோள்; தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேற வேண்டும் என்பது அதன் முடிவு. இறைவனை அவர் அழைத்த 'அப்பா' என்னும் அரமேயச் சொல்லை மாற்கு அவ்வாறே காத்துத் தந்துள்ளார். தமிழ்ச் செவிக்கு அதற்கு உரை வேண்டுவதில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு மகனின் விருப்பத்தையும் தந்தையின் விருப்பத்தையும் 'சித்தம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதும் நோக்கத்தக்கது.

கிறித்துவில் இறையியல்பு, மனித இயல்பு என இரண்டும் உள எனக் கி.பி. 451-இல் கால்சிதோன் சங்கம் வரையறுத்தது. எகிப்திலும் சிரியாவிலும் கிறித்தவர் பலர் இதனை ஏற்கவில்லை. பாரசீகப் போரால் நலிந்த பேரரசை ஒன்றிணைக்க விரும்பிய மன்னர் எராக்ளியுஸ், கிறித்துவுக்குச் சித்தம் ஒன்றே என 638-இல் ஆணை பிறப்பித்தார். அரசியலுக்கு அது வசதியான சமரசம். ஆனால் கெத்செமனேயில் அஞ்சி நடுங்கிய மனிதச் சித்தத்துக்கு அதில் இடமில்லாது போயிற்று.

இதனை எதிர்த்தவர் மாக்சிமுஸ் என்னும் துறவி. சாவுக்கு அஞ்சுதல் மனித இயல்பு. அது பாவமன்று என்றார் அவர். பாத்திரம் நீங்க வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டுமன்று, தந்தையின் சித்தத்துக்கு இசைந்த சொல்லும் அந்த மனிதச் சித்தத்திலிருந்தே பிறந்தது என்பது அவர் கண்ட நுட்பம். மனித விருப்பமே இல்லையெனில், அங்கே ஒப்புக்கொடுக்க எதுவும் இல்லை. அம்மன்றாட்டு வெறும் நடிப்பாகிவிடும்.

பின்னர் ஆண்ட இரண்டாம் கான்ஸ்தான்ஸ், சித்தம் ஒன்றா இரண்டா எனப் பேசுவதையே 648-இல் தடைசெய்தார். 649-இல் உரோமையில் சங்கம் கூட்டி ஒருசித்தக் கொள்கையைக் கண்டித்த திருத்தந்தை மார்ட்டின், 653-இல் சிறைபிடிக்கப்பட்டு, 655-இல் கிரிமியாவில் நாடுகடத்தப்பட்ட நிலையில் மாண்டார். மாக்சிமுஸ் 655-இல் விசாரிக்கப்பட்டுத் திரேசுக்கு அனுப்பப்பட்டார். பின்னும் அவர் பணியாமையால், 662-இல் அவரது நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன என அவர் வரலாறு கூறும். பேசிய உறுப்பும் எழுதிய உறுப்பும் தண்டனைக்கு இலக்காயின. அவ்வாண்டே கருங்கடலின் கீழ்க்கரையில், இன்றைய ஜார்ஜிய நாட்டுப் பகுதியில், எண்பது வயது கடந்த அம்முதியவர் உயிர்துறந்தார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 680-இல் தொடங்கிய மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், 681-இல் கிறித்துவுக்குச் சித்தங்கள் இரண்டு என்றும், மனிதச் சித்தம் முரணாது இறைச்சித்தத்தைப் பின்தொடர்கிறது என்றும் அறிக்கையிட்டது. அவ்வறிக்கையில் மாக்சிமுசின் பெயர் இல்லை. அவர் கொள்கை இருந்தது.

இவ்வரலாறு வழிபாட்டுக்கு உணர்த்துவது யாது? விருப்பத்தை மறைத்துவிட்டுச் செய்யும் பணிவு முழுமையான ஒப்புக்கொடுத்தல் ஆகாது. உள்ளதை உள்ளவாறு கூறிய பின்னரே அதனைக் கையளிக்க இயலும். விவிலியத்தின் சங்கீதங்கள் 150-இலும் புலம்பலே பெருவழக்கு. அவற்றுள் 88-ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. எனினும் தொகுத்தோர் அதனை விலக்கவில்லை. முறையீடும் மன்றாட்டே என அவர்கள் அறிந்திருந்தனர்.

பக்திக் கவிதை யாக்கும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். பணிவைப் பாடுமுன் அச்சத்தைப் பாடலாம். வேண்டாம் என்ற சொல்லையும் ஒளிக்காமல் எழுதலாம். அச்சொல்லைக் கடந்துவரும் இசைவுக்கே பொருள் உண்டு. நாவையும் கையையும் இழந்த துறவி காத்துத் தந்த உண்மை இதுவே.